நோயாளிக்கும் தெரியவில்லை, வைத்தியருக்கும் தெரியவில்லை

கண் மருத்துவர்களிடையே ஒரு பழைய பேச்சு உண்டு. கண்ணுக்குப் பின்னால், பார்வை நரம்பில் அழற்சி வந்துவிட்டால் நோயாளிக்கும் ஒன்றும் தெரியாது, அந்தக் கண்ணைத் திறந்து பார்க்கும் வைத்தியருக்கும் ஒன்றும் தெரியாது என்பார்கள். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இது 'பார்க்கவில்லை' என்ற அளவில் நின்றுவிடும். தமிழில் 'தெரியவில்லை' என்றால் பார்வையில் படவில்லை என்றும் பொருள், அறிவில் படவில்லை என்றும் பொருள். இந்த நோயின் வரலாற்றுக்கு நம் சொல்தான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதைப் பற்றி நான் படிக்க நேர்ந்ததற்குக் காரணம் பாரிஸில் இருக்கும் என் அக்கா மகள். சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் அவளுக்கு இடது கண்ணை அசைத்தால் வலி; இரண்டு மூன்று நாளில் அந்தக் கண்ணில் மங்கல். சிவப்பு நிறம் துவைத்துத் துவைத்து வெளுத்த துணி போலத் தெரிந்ததாம். மருத்துவமனையில் கொடுத்த அறிக்கையை எனக்கு அனுப்பி, "மாமா, அம்மாவுக்கு பிரெஞ்சு வராது, பயப்படாத மாதிரி நீங்களே தமிழ்ல சொல்லுங்க" என்றாள். பிரெஞ்சு வழியில் படித்த மாமாவாக இருந்தால் இந்த வயதிலும் இப்படி உத்தியோகம் வரும். அறிக்கையில் ஒரு வரி: 'இப்பர்சிஞ்ஞால் து நேர் ஒப்தீக் கோஷ்'. இடது பார்வை நரம்பில் மிகை ஒளி. கீழே, கேள்விக்குறியோடு, 'ஸ்க்லெரோஸ் ஆன் ப்ளாக்'.

ஆங்கிலத்தில் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். தமிழில் 'தண்டுவட மரப்பு நோய்' என்று எழுதுகிறார்கள். இந்தப் பெயரைப் படிக்கிறவர் முதுகுத் தண்டோடு முடிகிற நோய் என்று நினைத்துக்கொள்வார். கண்ணும் மூளையும் அதில் இல்லை. பிரெஞ்சுப் பெயர் நேர்மையானது. இறுகிப் போன திட்டுகள், அவ்வளவுதான். மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு மூன்றிலும் நரம்பிழைகளைச் சுற்றி மையலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. மின்கம்பிக்கு ரப்பர் உறை மாதிரி. உடலின் காவல் படையே வழி தவறி வந்து அந்த உறையை அங்கங்கே அரித்துவிடுகிறது. அரித்த இடம் பிறகு தழும்பாக இறுகுகிறது. பார்வை நரம்பு எப்படி இந்தக் கணக்கில் வந்தது என்றால், அது கை கால்களுக்குப் போகும் நரம்புகளின் சாதியில்லை. மூளையே ஒரு காம்பு நீட்டிக் கண்ணைப் பிடித்திருப்பதுதான் பார்வை நரம்பு. அதனால் மூளைக்கு வருவது அதற்கும் வரும். பல பேருக்கு முதலில் அதற்குத்தான் வரும்.

பெயர் வருவதற்கு வெகு காலம் முன்பே நோய் இருந்தது. இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜின் பேரன் அகஸ்டஸ் டெஸ்தே என்பவர் ஒரு நாட்குறிப்பு எழுதினார். 1822ஆம் ஆண்டு டிசம்பரில், தந்தையைப் போல நேசித்த உறவினர் ஒருவரைப் பார்க்க ஸ்காட்லாந்து போகிறார். போய்ச் சேர்ந்தால் அவர் இறந்து கிடக்கிறார். சவ அடக்கம் முடிந்த கொஞ்ச நாளில் இவருக்குக் கண் மங்கிவிட்டது. வந்த கடிதங்களை வேறொருவர் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது, பதிலையும் வேறொருவர்தான் எழுத வேண்டியிருந்தது. பிறகு அயர்லாந்து போனார். எந்த வைத்தியமும் செய்யாமலே பார்வை முழுதாகத் திரும்பிவிட்டது. வருஷங்கள் கழித்து இரட்டைப் பார்வை, காலில் பலவீனம், உணர்ச்சிக் குறைவு என்று ஒவ்வொன்றாக வந்தன. 1848இல் இறந்தார். அவர் காலத்தில் அவருக்கு என்ன நோய் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அந்த நாட்குறிப்பை இருபதாம் நூற்றாண்டில் படித்தவர்கள்தான் இது எம்.எஸ். என்று கண்டுகொண்டார்கள். துக்கத்தில் அழுததால் கண் கெட்டது என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் ஆச்சரியப்பட முடியாது.

பாரிஸில் க்ருவேயியே என்ற உடற்கூறு நிபுணர் 1829 முதல் 1842 வரை வெளியிட்ட பெரிய பட நூலில் தண்டுவடத்தில் உள்ள இந்தத் திட்டுகளை வரைந்து காட்டினார். ஏறக்குறைய அதே காலத்தில் கார்ஸ்வெல் என்ற ஸ்காட்லாந்துக்காரரும் வரைந்தார். இரண்டு பேரும் பார்த்தது இறந்தவர்களின் உடலில்.

இதை ஒரு நோயாகத் தொகுத்தவர் ழான்-மர்த்தேன் ஷர்கோ. இடம், பாரிஸின் சல்பேத்ரியேர் மருத்துவமனை. 'சல்பேத்ர்' என்றால் வெடியுப்பு. பதினேழாம் நூற்றாண்டில் அங்கே வெடிமருந்துக் கிடங்கு இருந்தது. பிறகு ஏழைப் பெண்களையும் ஆதரவற்றவர்களையும் அடைத்து வைக்கும் இடமாயிற்று. ஷர்கோ பொறுப்பேற்றபோது ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். உயிரோடு இருக்கும்போது அவர்களின் நடை, பேச்சு, கை நடுக்கம் எல்லாவற்றையும் குறித்து வைப்பார். இறந்த பிறகு உடலைத் திறந்து, குறிப்போடு ஒப்பிடுவார். 1868இல் ஸ்க்லெரோஸ் ஆன் ப்ளாக் பற்றிய அவருடைய விரிவுரைகள் வெளிவந்தன.

இதில் ஒரு கதையை ஃப்ராய்ட் எழுதி வைத்திருக்கிறார். ஃப்ராய்ட் இளைஞராக அங்கே போய் ஷர்கோவிடம் சில மாதங்கள் பாடம் கேட்டவர். ஷர்கோவுக்கு ஒரு வேலைக்காரப் பெண் கிடைத்தாள். கை நடுக்கத்தால் வேறு எங்கும் அவளுக்கு வேலை நிலைக்கவில்லை. ஷர்கோ அவளை வேலையில் வைத்துக்கொண்டார். வருஷக்கணக்கில் அவள் உடைத்த தட்டும் கிண்ணமும் அவருக்கு ஒரு சிறு சொத்தளவு செலவு வைத்ததாம். கடைசியில் அவள் இறந்த பிறகுதான் அந்த நடுக்கத்துக்கு அடியில் இருந்தது ஸ்க்லெரோஸ் என்று அவரால் நிரூபிக்க முடிந்தது. இதைப் படிப்பவர்கள் ஷர்கோவின் பொறுமையைப் பாராட்டுவார்கள். நான் அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்வேன். தன் நோய் என்ன என்பதைத் தெரிந்துகொள்ள அவள் சாக வேண்டியிருந்தது. தெரிந்துகொண்டதும் அவள் அல்ல.

இன்னொன்று. அதே சல்பேத்ரியேரில் ஷர்கோ 'இஸ்தேரி', அதாவது ஹிஸ்டீரியா பற்றியும் பாடம் நடத்தினார். பெண்ணுக்கு ஒரு கண் மங்கி, கண்ணில் கோளாறு எதுவும் காணப்படாவிட்டால், அது ஹிஸ்டீரியாவின் அடையாளங்களில் ஒன்றாக எழுதப்படும். 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள் பார்க்கும் கருவியை வெளியிட்டிருந்தார். பார்வை நரம்பின் முகப்பு வட்டம் அதில் தெரியும். ஆனால் இந்த அழற்சியில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு முகப்பு வீங்குவதில்லை. வீக்கம் பின்னால் இருக்கிறது. கருவி இருந்தும் வைத்தியருக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாததை இல்லாதது என்று எழுதிவிடுவது சுலபம்.

ஷர்கோவுக்குப் பின் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊட்ஹாஃப் 1890இல், இந்த நோயாளிகள் உடலை வருத்தி நடந்தால் பார்வை மங்குகிறது, ஓய்வெடுத்தால் திரும்புகிறது என்று கவனித்தார். உறை போன நரம்பு சூடேறினால் செய்தி கடத்தத் திணறும். ஒரு காலத்தில் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்துப் பரிசோதித்திருக்கிறார்கள். லியோன் நகரில் தெவிக் என்பவர் 1894இல், பார்வை நரம்பும் தண்டுவடமும் கடுமையாகத் தாக்கப்படும் இன்னொரு வகையை விவரித்தார். இவரிடம் பின்னால் வருகிறேன்.

நான் புதுச்சேரியில் குமாஸ்தாவாகச் சேர்ந்த எழுபதுகளில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் அம்மா ஒருவர் இருந்தார். வயது முப்பதுக்குள். ஒரு நாள் வலது கண் தெரியவில்லை என்றார். மருத்துவச் சான்று கேட்டார்கள். வந்த சான்றில் கண் இயல்பாக இருக்கிறது என்று எழுதியிருந்தது. இரண்டு மாதத்தில் பார்வை தானே தெளிந்துவிட்டது. அதுவே அவருக்கு எதிராகப் போயிற்று. "பாத்தீங்களா, லீவுக்காக நடிச்சிருக்கா" என்று மேசைக்கு மேசை பேச்சு. விடுப்பு சம்பளமில்லா விடுப்பாக மாறியது. அந்தக் கோப்பு என் மேசை வழியாகத்தான் போனது. "கண்ணு தெரியலேன்னு எப்படி சார் நிரூபிக்கிறது?" என்று அவர் கேட்டார். அவருக்கு என்ன நோய் என்று அந்தக் கோப்பில் எங்கும் எழுதப்படவில்லை.

அவர் கேட்ட கேள்விக்கு அப்போதே லண்டனில் ஒரு பதில் தயாராகியிருந்தது. 1972இல் குவீன் ஸ்கொயரில் உள்ள தேசிய நரம்பியல் மருத்துவமனையில் ஹாலிடே, மெக்டொனால்ட், முஷின் என்ற மூவர், நோயாளியைச் சதுரங்கக் கட்டங்கள் மாறி மாறித் தெரியும் திரைக்கு முன் உட்கார வைத்தார்கள். பின்மண்டையில் மின்முனைகள். நல்ல கண்ணென்றால் கட்டம் மாறிய சுமார் 100 மில்லி நொடியில் மூளையில் அலை எழும்பும். அழற்சி வந்த கண்ணில் அலை வரும், ஆனால் தாமதமாக வரும். பார்வை தெளிந்த பிறகும் அந்தத் தாமதம் பெரும்பாலோருக்குப் போவதில்லை. நடிக்கிறவர்களுக்கு அப்படித் தாமதிப்பது எளிதல்ல. இது செய்தி தாமதம் என்று சொல்லும். எந்த இடத்தில் தடை என்று படம் காட்டாது.

படத்துக்கு எம்.ஆர்.ஐ. வர வேண்டியிருந்தது. பிரெஞ்சில் எழுத்துகளைத் திருப்பிப் போட்டு ஐ.ஆர்.எம். என்பார்கள். முதலில் இதன் பெயரில் 'அணுக்கரு' என்ற சொல் இருந்தது. நோயாளிகள் பயந்ததால் எடுத்துவிட்டார்கள். எக்ஸ்ரேக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உடலில் நீரும் கொழுப்பும் இருக்கும் இடமெல்லாம் ஹைட்ரஜன் இருக்கிறது. பெரிய காந்தத்துக்குள் அதன் கருக்கள் பம்பரம் போலச் சீராக நிற்கும். ரேடியோ அலையால் அவற்றைத் தட்டிவிட்டால், பழைய நிலைக்குத் திரும்பும்போது ஒரு குரல் கொடுக்கும். எங்கே எவ்வளவு நேரத்தில் திரும்பியது என்பதை வைத்துக் கணினி படம் வரையும். 1973இல் அமெரிக்காவில் லாட்டர்பர் இந்த வழியில் படம் எடுக்கலாம் என்று காட்டினார். இங்கிலாந்தில் மான்ஸ்ஃபீல்ட் அதை வேகப்படுத்தினார். 2003இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது.

1981இல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனைக்காரர்கள் 10 எம்.எஸ். நோயாளிகளை இதில் படுக்க வைத்தார்கள். அதற்கு முந்தைய அதிசயமான சி.டி. ஸ்கேனில் அந்தப் பத்துப் பேருக்கும் சேர்த்துத் தெரிந்த திட்டுகள் 19. காந்தப் படத்தில் அந்தப் பத்தொன்பதும் தெரிந்தன, மேற்கொண்டு 112 தெரிந்தன. ஷர்கோ இறந்தவர்களைத் திறந்து பார்த்ததை இவர்கள் உயிரோடு இருப்பவரிடம் பார்த்தார்கள். அவர் எழுந்து வீட்டுக்குப் போனார்.

ஆனால் பார்வை நரம்பு மட்டும் அகப்படவில்லை. காரணங்கள் எளிமையானவை. அது மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமன். கண் அசைந்தால் அதுவும் அசைகிறது, படம் கலங்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கண் குழிக்குள் அது கொழுப்பு மெத்தையில் புதைந்து கிடக்கிறது. எம்.ஆர்.ஐ.யில் கொழுப்பு பளிச்சென்று ஒளிரும். அழற்சியும் ஒளிரத்தான் செய்யும். தீபாவளி இரவில் பட்டாசு வெளிச்சத்துக்கு நடுவே ஓர் அகல் விளக்கைத் தேடுகிற கதை.

இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. அதே ஹாமர்ஸ்மித்தில் பிட்டர் என்ற மருத்துவரும் யங் என்ற பொறியியலாளரும் 1985இல் 'ஸ்டிர்' என்ற முறையைச் சொன்னார்கள். பம்பரங்களை முதலில் தலைகீழாகப் புரட்டிவிடுவது. அவை நிமிர்ந்து வரும். கொழுப்பில் உள்ளவை சீக்கிரம் வரும், நீரில் உள்ளவை மெதுவாக வரும். தலைகீழிலிருந்து நேராகும் வழியில் ஒரு கணம் சூன்யத்தைக் கடந்தாக வேண்டுமல்லவா? கொழுப்பு சரியாகச் சூன்யத்தில் இருக்கும் கணத்தில் அளவெடுத்தால், கொழுப்பு வாய் திறக்காது. இன்று மருத்துவமனைகளில் இருக்கும் 1.5 டெஸ்லா காந்தத்தில் அந்தக் கணம் சுமார் 150 மில்லி நொடி. கொழுப்பு கருத்துவிடும், வீங்கிய நரம்பு வெள்ளையாக நிற்கும்.

1988இல் குவீன் ஸ்கொயரிலிருந்து மில்லரும் சகாக்களும் இந்த முறையில் எடுத்த படங்களை வெளியிட்டார்கள். அந்தக் குழுவில் சதுரங்கக் கட்டத்தின் ஹாலிடேயும் மெக்டொனால்டும் இருந்தார்கள். பார்வை மங்கிய கண்களில் 84 சதவீதத்துக்கு நரம்பில் வெள்ளை தெரிந்தது. எந்தத் தொந்தரவும் சொல்லாத கண்களிலும் ஐந்தில் ஒன்றுக்குத் தெரிந்தது. வெள்ளை நீளமாக இருந்தவர்களுக்கும், எலும்புக் குழாய்க்குள் நரம்பு நுழையும் இடத்தில் இருந்தவர்களுக்கும் பார்வை மெதுவாகத் திரும்பியது. குறுகலான குழாய்க்குள் வீங்கினால் இடம் எங்கே? அதே காலத்தில் காடோலினியம் என்ற மருந்தும் வந்தது. ரத்தக் குழாய்ச் சுவர் புதிதாகக் கசிகிற இடத்தில் மட்டும் அது இறங்கி ஒளிரும். பழைய தழும்பா புது அழற்சியா என்று பிரித்துவிடலாம். 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வில் புதிதாகத் தாக்கப்பட்ட நரம்புகளில் 94 சதவீதம் இப்படி ஒளிர்ந்தன.

பார்த்துவிட்டால் ஆயிற்றா? என் அக்கா கேட்டது இதைத்தான். "படத்துல தெரிஞ்சிடுச்சு, சரி. இனிமே அவளுக்கு என்ன ஆகும்டா?"

இதற்கு அமெரிக்காவில் 1988 முதல் 1991 வரை 15 மையங்களில் 457 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வுதான் இன்று வரை ஆதாரம். அவர்கள் எல்லோரும் பார்வை நரம்பு அழற்சி வந்தவர்கள். ஸ்டீராய்டை நரம்பு வழியாக ஏற்றினால் பார்வை சீக்கிரம் திரும்புகிறது, ஆனால் முடிவில் எவ்வளவு திரும்பும் என்பது மாறுவதில்லை என்று தெரிந்தது. அன்றைய வழக்கமான அளவில் மாத்திரை மட்டும் கொடுத்தவர்களுக்கு அழற்சி மறுபடி வருவது அதிகமாயிற்று. அதுவரை பல மருத்துவர்கள் மாத்திரைதான் எழுதிக்கொண்டிருந்தார்கள்! 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில் பாதிப் பேருக்கு எம்.எஸ். உறுதியாயிற்று. முதல் நாள் எடுத்த மூளைப் படத்தில் ஒரு திட்டும் இல்லாதவர்களுக்கு 25 சதவீதம். ஒன்றாவது இருந்தவர்களுக்கு 72 சதவீதம். கவனிக்க வேண்டியது, எதிர்காலம் சொன்னது கண் நரம்பின் படம் அல்ல, மூளையின் படம். அதனால்தான், அழற்சி வழக்கமான முறையில் இருந்தால் கண் நரம்பைத் தனியாகப் படம் எடுக்கவே வேண்டாம், நோயாளி சொல்வதைக் கேட்டும் கண்மணியில் விளக்கடித்தும் கண்டுகொள்ளலாம் என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது.

தெவிக்கின் நோய்தான் அதற்கு மறுப்பு. நூறு வருஷத்துக்கும் மேலாக அதை எம்.எஸ்.ஸின் ஒரு கிளை என்றே வைத்திருந்தார்கள். 2004இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லெனன் என்ற பெண் விஞ்ஞானியின் குழு, அந்த நோயாளிகளின் ரத்தத்தில் தனியான ஓர் எதிர்ப்பொருளைக் கண்டது. வேறு நோய். எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் சில மருந்துகள் இவர்களுக்குக் கேடு செய்யும். படத்திலும் வித்தியாசம் உண்டு: எம்.எஸ்.ஸில் நரம்பின் ஒரு துண்டில்தான் பெரும்பாலும் வெள்ளை. தெவிக் நோயில் அது நீளமாக, இரண்டு கண் நரம்புகளும் குறுக்காகச் சந்திக்கும் இடம் வரை பின்னால் ஓடும். ரத்த முடிவு வரும் முன்பே இது எச்சரித்துவிடும். அக்கா மகளின் அறிக்கையில் வெள்ளை குட்டையாக, முன்பகுதியில் இருந்தது. மூளையில் இரண்டு திட்டுகள் இருந்தன. எண்பது வயதை நெருங்கும் தாய்க்கு 72 என்ற எண்ணைச் சொல்லவில்லை. மருந்து இருக்கிறது, ஆரம்பத்திலேயே தெரிந்தது நல்லது என்றேன். இரண்டும் உண்மை. இப்போது அவள் மருந்தில் இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள்.

கடைசியாக ஒரு பதிவேட்டு விஷயம். குமாஸ்தா புத்தி விடாது. எம்.எஸ். என்று எழுத, திட்டுகள் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு காலங்களில் வந்ததற்குச் சான்று வேண்டியிருந்தது. அதற்கான விதிகளை 2001இல் வகுத்த குழுவின் தலைவர் அதே மெக்டொனால்ட். விதிகள் அவர் பெயராலேயே வழங்குகின்றன. நியூசிலாந்தில் பிறந்தவர், நல்ல பியானோ வாசிப்பவர். வயதான காலத்தில் பக்கவாதம் வந்து இசைக் குறியீடுகளைப் படிக்கும் திறன் போய்விட்டது. அது எப்படிப் போயிற்று, எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது என்பதையும் ஓர் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். 2006இல் இறந்தார். விதிகள் திருத்தப்பட்டு வந்து 2017இல் நான்கு இடங்கள் கணக்கில் இருந்தன: மூளைக்குள் மூன்று, தண்டுவடம் ஒன்று. முதலில் தாக்கப்படும் பார்வை நரம்புக்கு அந்தப் பதிவேட்டில் பத்தியே கிடையாது. கண் தெரியவில்லை என்று வந்தவரிடம், கண் கணக்கில் சேராது, வேறு எங்கே இருக்கிறது காட்டு என்று கேட்பது போல.

2024ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பார்வை நரம்பை ஐந்தாவது இடமாகச் சேர்த்துவிட்டார்கள்; 2025இல் அது முறையாக வெளியாயிற்று. சான்றாக மூன்றில் எதுவானாலும் செல்லும்: எம்.ஆர்.ஐ. படம், விழித்திரையின் கனத்தை ஒளியால் அளக்கும் ஓ.சி.டி. என்ற சோதனை, அல்லது 1972இன் அந்தச் சதுரங்கக் கட்டம்.